ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கொடுத்த வாக்கு

பித்தப்பை என்று ஒன்று எனக்குள் இருக்கிறது என்பதே, அதை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பது வருடமாக வலது விலாவுக்குக் கீழே சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. அது பாட்டுக்கு இருந்திருந்தால் நானும் அதை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்.

என் பெயர் சேவியர். வீடு ராயபுரம், வேலை துறைமுகத்தில், சிக்னல்மேன். கப்பலின் சரக்குக் கிடங்கு கிணறு மாதிரி ஆழமாக இருக்கும். கிரேனில் உட்கார்ந்திருப்பவருக்கு அதன் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. கிடங்கின் விளிம்பில் நின்றுகொண்டு தூக்கு, இறக்கு, மெல்ல, நிறுத்து என்று கையாலேயே அவருக்குச் சொல்கிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணி இதைக் 'கை ஆட்டுற வேலை' என்பார். அவர் ரயில்வேயில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஜெபக்குழு நடத்துகிறார். யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், "ஆண்டவர் வேலை" என்பார். என்னைக் கேட்டால் "ஹார்பர்ல" என்பேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில், உனக்குக் கொடுத்த வாழ்க்கையை வைத்து என்ன செய்தாய் என்று கடவுள் கேட்பார் என்று பிரசங்கம் வரும்போதெல்லாம் முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். கை ஆட்டினேன் ஆண்டவரே என்று எப்படிச் சொல்வது?

எங்கள் சர்ச்சின் பங்குத் திருவிழா அன்றைக்கு ஆரம்பித்தது வலி. தேர் சுற்றி வந்ததும் மட்டன் பிரியாணியை ஒரு பிடி பிடித்தேன். ஒரு மணி நேரத்தில் விலாவுக்குக் கீழே யாரோ ஸ்பேனரை வைத்துத் திருகுகிற மாதிரி வலி. முதுகு வழியாகத் தோள்பட்டை வரை போனது. எங்கள் தெருவில் வாயுத்தொல்லைக்கு வைத்தியம் தெரியாதவர் கிடையாது. ஒருவர் சோடா கொடுத்தார், இன்னொருவர் ஓமவாட்டர், எதிர்வீட்டு அக்கா பெருங்காயம் போட்ட மோர். அந்தோணி ஜெபித்த எண்ணெய் கொண்டுவந்து வயிற்றில் தேய்த்தார். மூன்று நாள் இப்படியே ஓடியது. நாலாம் நாள் காலையில் காபி கொடுக்க வந்த ஸ்டெல்லா டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"யோவ், கண்ணு இன்னாய்யா இவ்ளோ மஞ்சளா கீது?"

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வயிற்றில் குளுகுளுவென்று ஏதோ களிம்பைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு, மெதுவாகப் பேசுவார். படம் போட்டே விளக்கினார். கல்லீரல் பித்தத்தைச் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நாம் கொழுப்பாகத் தின்னும்போது குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. என் பையில் கற்கள் சேர்ந்து, அதில் ஒன்று குழாயில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. இறங்க வழியில்லாத பித்தம் ரத்தத்தில் கலந்ததால்தான் மஞ்சள். முதலில் வாய் வழியாக கேமரா வைத்த குழாயை இறக்கி அந்தக் கல்லை எடுக்க வேண்டும். நாலைந்து நாள் கழித்து, வீக்கம் அடங்கியதும் பையையே எடுத்துவிட வேண்டும்.

"பையே இல்லன்னா பித்தம் எங்கம்மா போவும்?" என்று கேட்டேன்.

"நேரா குடலுக்குப் போயிடும். பை ஒரு ஸ்டோர் ரூம் மாதிரிதான்."

புரிந்துவிட்டது. கப்பலில் இருந்து துறைமுகக் கிடங்குக்குப் போகாமல் நேரே லாரியில் ஏற்றிவிடுகிற ஏற்பாடு எங்களிடமும் உண்டு. அதை விவரமாகச் சொன்னேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "கிட்டத்தட்ட அதுதான்," என்று சொல்லிக் கையெழுத்துக்கு ஒரு காகிதத்தை நீட்டினார்.

சிரிப்பு அதோடு போயிற்று. என்னென்ன கோளாறு நடக்கலாம் என்று அந்தக் காகிதத்தில் வரிசையாகப் போட்டிருந்தது. கடைசி வரியில் 'உயிரிழப்பு' என்று இருந்தது. கிருமி ரத்தத்தில் பரவ ஆரம்பித்திருக்கிறது, தாமதித்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா வேறு சொல்லியிருந்தார். ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள். எனக்குச் சாவு பயம் இல்லை என்று பல தடவை ஜம்பமாகப் பேசியிருக்கிறேன். பயம் இருந்தது. கல்லூரிக்குப் போகிற மகள் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கல்லை எடுக்க ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில் அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார், பின்னால் ஸ்டெல்லா. ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்த்ததும் வாயில் வந்ததைக் கத்திவிட்டேன்.

"ஆண்டவரே, என்ன காப்பாத்திடு! இந்தக் கை ஆட்டுற வேலைய வுட்டுட்டு உன் வேலைக்கே வந்துடறேன்!"

"ஆமென்!" என்றார் அந்தோணி. ஸ்ட்ரெச்சர் தள்ளியவரும் சேர்ந்து ஆமென் சொன்னார்.

மயக்கம் தெளிந்தபோது தொண்டை எரிந்தது, வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது, கல் வெளியே வந்திருந்தது. என் வாக்கும் வெளியே போயிருந்தது. அந்தோணி அதைப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். 'சகோதரர் சேவியர் உலக வேலையைத் துறந்து ஊழியத்துக்கு வருகிறார்.' கீழே அறுபத்துமூன்று பேர் ஆமென் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும், அப்படியானால் அந்த இடம் காலியாகுமா, தன் தம்பிக்குச் சொல்லி வைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

ஸ்டெல்லா அதைப் படித்துவிட்டுப் போனைக் கட்டிலில் வைத்தாள்.

"ஆண்டவரு ஒன்ன வேலைய வுட சொன்னாரா?"

"இல்ல, நானா தான்..."

"கேக்காதவருக்கு எதுக்குய்யா எடுத்துக் குட்த்த? பொண்ணு இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும். ஊழியம் பண்றேன்னு ஊரு சுத்தப் போறியா?"

"சொன்னது சொன்னதுதான் ஸ்டெல்லா. சாமிகிட்ட குடுத்த வாக்க மீற முடியுமா?"

அதற்குப் பிறகு அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் கோபத்தோடேயே எல்லாம் செய்தாள். கொழுப்பு ஆகாது என்று சொன்னதால் சங்கரா மீனை எண்ணெய் இல்லாமல் வேகவைத்துக் கொண்டுவருவாள். என் முகத்தைப் பார்க்காமல் அதில் ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டில் வைப்பாள். கடைசி முள் போகிறவரை என்னைத் தொட விடமாட்டாள். அந்த மாதிரி ஒரு கோபம் கிடைக்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

பை எடுப்பதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது. ஊழியத்துக்குத்தான் போகப் போகிறோமே, இங்கேயே பழகிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். வார்டில் ஆறு கட்டில். யாரும் எழுந்து ஓட முடியாத நிலையில் இருந்தார்கள். பிரசங்கிக்கு இதைவிடத் தோதான கூட்டம் அமையாது.

காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன். வேதத்தில் கப்பல் புயலில் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று வரும். நமக்குத் தெரிந்த விஷயம், தைரியமாகப் பேசலாம் என்று அதை எடுத்தேன். கப்பல் ஆடியது, அலை அடித்தது என்பதெல்லாம் நன்றாகவே வந்தது. மாலுமிகள் பாரம் குறைக்கச் சரக்கைக் கடலில் தூக்கிப் போட்டார்கள் என்ற இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தச் சரக்கை ஒழுங்காக அடுக்கியிருந்தால் அந்த நிலைமையே வந்திருக்காது. கனமானது அடியில் வர வேண்டும், இடைவெளியில் கட்டை கொடுக்க வேண்டும், சங்கிலி போட்டு இறுக்க வேண்டும். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் பொங்கியது. அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

பக்கத்துக் கட்டில் வேலு அண்ணன் திருவொற்றியூர்க்காரர், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். போர்வையில் இருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணாத்த, இந்தக் கதையில அப்பால சாமி வருமா? இல்ல கடசி வரிக்கும் சரக்குதானா?"

மறுநாள் பத்து மணிக்கு நான் தொண்டையைக் கனைத்ததும் மூன்று பேர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்கள். ஒருவர் கழிவறைக்குப் போய் நான் முடிக்கிறவரை வரவே இல்லை. அதற்கு அடுத்த நாள் நர்ஸ் வந்து, "சார், பத்து மணிக்கு எல்லாருக்கும் பிரஷர் பார்க்கணும். நீங்க பேசுறப்ப பார்த்தா எல்லாருக்கும் ஏறியிருக்கு," என்றார். ஊழியத்துக்கு வரும் சோதனைகளில் இதுவும் ஒன்று என்று அந்தோணி தேற்றினார். எனக்கோ உள்ளுக்குள் பீதி. இதற்காகவா இருபத்திரண்டு வருட வேலையை விடப் போகிறோம்? விடாவிட்டால் கொடுத்த வாக்கு என்னாவது? கல் போன இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

ஐந்தாம் நாள் பையை எடுத்தார்கள். இப்போது வயிற்றைக் கிழிப்பதில்லை. நாலு சின்ன ஓட்டை போட்டு, உள்ளே காற்றை நிரப்பி, கேமராவைப் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்கள். ஓட்டை வலிக்கவில்லை, மிச்சக் காற்று தோளில் ஏறிக்கொண்டு அதுதான் வலித்தது. விலாவில் இருந்து ஒரு மெல்லிய குழாய், அதன் முனையில் கசிவு நீர் சேர ஒரு பை. எடுத்த கற்களைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். மிளகு மாதிரி பத்தொன்பது. ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது காட்டலாம் என்று அந்தோணி குப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நடக்கச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி அங்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். முன்னால் முழுசாக மூடும், பின்னால் இரண்டு கயிறு, அதில் ஒன்று அறுந்திருந்தது. கசிவுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாவது மாடி வராந்தாவுக்கு வந்தேன். கடல் காற்று நன்றாக வீசியது. கீழே ஒரு கிரேன், மொட்டை மாடிக்கு ஒரு பெரிய ஏ.சி. மெஷினைத் தூக்கிக்கொண்டிருந்தது. பத்து நாளாக இந்தக் காட்சியைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருந்தேன்.

ஒரு நொடிதான் ரசித்தேன். மெஷினைச் சுற்றி இரண்டு பெல்ட் போட்டிருந்தார்கள். முன்பக்க பெல்ட் நழுவி நழுவி விளிம்புக்கு வந்துவிட்டது. மெஷின் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு தொங்கியது. அதற்கு நேர் கீழே தகரக் கொட்டகை, டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் புற நோயாளிகள் முப்பது நாற்பது பேர். அவர்களுடைய சிக்னல்மேனோ போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். நாலு ஓட்டையும் சேர்ந்து இழுத்ததில் சத்தமே வரவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிரேன்காரர் தன் சிக்னல்மேன் ஒருவர் கையைத்தான் கேட்பார், வேறு எந்த அதிகாரி கை ஆட்டினாலும் அசைய மாட்டார். 'நிறுத்து' மட்டும் விலக்கு. அதை யார் காட்டினாலும், டீ விற்கிறவர் காட்டினாலும், நிறுத்தியே ஆக வேண்டும். கசிவுப் பையின் பிடியைப் பல்லில் கவ்விக்கொண்டேன். இரண்டு கையையும் தோளுக்கு நேராக முழுசாக விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க நின்றேன்.

மெஷினைப் பார்த்து மேலே அண்ணாந்திருந்த கிரேன்காரர் என்னைப் பார்த்தார். கிரேன் நின்றது.

கொட்டகையைக் காட்டினேன். அவர் ஹாரனை விடாமல் அடித்தார், காவலாளி ஓடி வந்து ஜனங்களை விரட்டினார். பிறகு அவர் என் கையையே பார்த்துக் காத்திருந்தார். கையாலேயே கிரேனின் நீண்ட தூக்குக் கம்பத்தை இடப்பக்கம் திருப்பச் சொல்லி, விரலால் மெல்ல, மெல்ல என்று காட்டிக் காலி இடத்துக்குக் கொண்டுவந்தேன். தரைக்கு ஓரடி இருக்கும்போது பெல்ட் கழன்றது. மெஷின் ஒரு மூலையில் டமாரென்று உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை.

கடைசியாக மறுபடி 'நிறுத்து' காட்டிய கை மட்டும் எனக்கு இறங்கவில்லை. விரித்தது விரித்தபடி நின்றுவிட்டேன். இளநீரோடு வந்த அந்தோணி பின்னால் இருந்து பார்த்திருக்கிறார். வார்டே அவர் பின்னால் கூடியிருந்தது. இளநீரைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் விழுந்தார்.

"அல்லேலூயா! மாப்ளைக்கு தரிசனம் கெடச்சிகீது!"

வேலு அண்ணன் குரல் கேட்டது. "யோவ், தரிசனம் எங்களுக்குதான்யா! மொதல்ல அவருக்குப் பின்னாடி துணிய இஸ்து வுடு!"

டாக்டரம்மா அன்றைக்கு மெதுவாகப் பேசவில்லை. கசிவு நீர் சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. திட்டி முடித்துவிட்டு, கதவு வரை போனவர் திரும்பி வந்து, "கொட்டகையில என் பேஷன்ட்ஸ் பன்னெண்டு பேர் இருந்தாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிரேன்காரர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும், சலீம் என்று பெயர். இரண்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்தார்.

"நைனா, நீ கை விரிச்ச தினுசுலயே தெர்ஞ்சிகிச்சு, தொழிலுக்காரன்னு. பல்லுல இன்னா பை?"

"கசிவுப் பை பாய்."

"நான் தோசை மாவுன்னு நெனச்சிகினேன்," என்று சொல்லிவிட்டு, திடீரென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அது மட்டும் வுழுந்திருந்தா நான் எப்டி வூட்டுக்குப் போவேன் சொல்லு."

அவர் போன பிறகு வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். கொட்டகையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பாதிப் பேர், காவலாளி விரட்டியதில் வரிசை கலைந்துவிட்டதே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வேலையே அப்படித்தான். நான் சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காத விபத்துக்கு எந்தக் கோயிலிலும் யாரும் சாட்சி சொல்வதில்லை. இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் கிடங்குக்குள் இறங்கியவர்கள் இரண்டு காலோடு ஏறி வந்து வீட்டுக்குப் போனார்கள். அதைப் பார்த்துக்கொள்ள என்னை அந்த விளிம்பில் நிறுத்தி வைத்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, உன் வேலைக்கு வருகிறேன் என்று நான் கத்தியபோது அவர் என்ன நினைத்திருப்பார்? எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. ஆனாலும் வாக்கு வாக்குதானே.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு பங்கு ஃபாதரைப் பார்க்கப் போனேன். ஃபாதருக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. கொடுத்த வாக்கை மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா ஒரு சிக்கல்," என்றார். "உங்க வேண்டுதல் போன அதே நேரத்துல, அதே கதவுகிட்ட இருந்து இன்னொரு வேண்டுதலும் போயிருக்கு. அக்கா போன வாரமே வந்து சொல்லிட்டாங்க."

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னா வேண்டிகின?" என்றேன்.

"அந்த ஆளு பயத்துல ஒளறுது, அத்த கணக்குல வச்சிக்காத ஆண்டவரே, உசுர மட்டும் குடுன்னு வேண்டிகினேன். வேற இன்னா வேண்டுவாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபாதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் சொன்னார்.

"ரெண்டுல எது கேக்கப்பட்டுச்சுன்னு எனக்கே தெரியாது. சரி, மாத்திக் குடுக்கிறேன். வேலைய விட வேண்டாம். தினமும் அந்த விளிம்புல போய் நிக்கிறதுதான் இனி உங்க நேர்த்திக்கடன். கண்ணை மூடி ஜெபம் பண்றத அந்தோணி அண்ணன் பாத்துக்குவார். நீங்க கண்ணத் தொறந்துகிட்டே பண்ணுங்க." கொஞ்சம் தயங்கி, "அப்புறம் அண்ணே, வார்டுல நீங்க பிரசங்கம் பண்ணத பத்தி எனக்கு மூணு போன் வந்துச்சு. அதையும் விட்டுடுங்க," என்றார்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனேன். கப்பலில் இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிடங்கின் விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். எட்டுப் பேர் இருந்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அண்ணாத்த வந்துட்டியா! நீ இல்லாம படா பேஜாராப் பூச்சுப்பா! சுருளு எறங்கும்போது எல்லாரும் அண்ணாந்து பாத்துகினே நின்னு கழுத்தே சுளுக்கிகிச்சு!"

முதல் சுருள் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்க ஆரம்பித்தது. எட்டுப் பேரும் ஓரமாக ஒதுங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டைகளை அடுக்கினார்கள். ஒருவன் ஏதோ சொல்ல, இன்னொருவன் சிரித்தான். நான் விரலை அசைத்து மெல்ல, மெல்ல என்று இறக்கினேன். சுருள் கீழே போய் உட்காருகிறவரை ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை.